பின்னால் பார்க்கிறவர்

ஜூன் 5, 1972

பீமனகுண்டா பயிற்சி நிலையத்துக்குப் புது இன்ஸ்ட்ரக்டர் வந்துவிட்டார். ஸ்குவாட்ரன் லீடர் ஞானதிரவியம், திருநெல்வேலிப் பக்கம். டிசம்பர் யுத்தத்தில் மேற்கு எல்லையில் பறந்தவர், பதக்கம் வாங்கியவர். ஆள் ஒல்லி, உயரமும் அதிகமில்லை. மெஸ்ஸில் எல்லோரும் யுத்தக் கதை கேட்கச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சாம்பாரைப் பற்றி விசாரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவர்தான் ரகுவீரைக் கூட்டிக்கொண்டு போனவர். இரண்டு விமானங்கள் போயின, ஒன்று திரும்பியது. திரும்பியது இவருடையது.

ரகுவீர் என் மாணவன். எழுபதாம் வருடத் தொகுதியில் முதலாவதாக வந்தவன். அவன் படம் இன்னும் தாழ்வாரத்தில் கோப்பைக்கு மேலே தொங்குகிறது. ஞானதிரவியம் இன்று அந்தப் படத்தின் முன் நின்றதைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றவில்லை. நான் வருவதைக் கண்டதும் நகர்ந்துவிட்டார்.

யுத்தத்தின்போது நான் இங்கேதான் இருந்தேன். யாராவது கற்றுக்கொடுக்கத்தானே வேண்டும்.

ஜூன் 7

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பாசி. என் மனைவி வேதா இரண்டு நாளாகச் சொல்கிறாள். இன்று இறங்கித் தேய்த்தேன்.

ஜூன் 13

கேடட் செங்கோடனை ஞானதிரவியத்திடம் மாற்றிவிட்டார்கள். சங்ககிரி பையன், அப்பா லாரி ஓட்டுகிறார். மூன்று மாதம் என்னிடம் இருந்தான். உயரத்தைச் சீராக வைத்திருக்கத் தெரியாது, இறங்கும்போது விமானத்தைத் தரையில் போட்டு உடைக்காத குறை. இவன் விமானி ஆக மாட்டான், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஞானதிரவியம் வலியப் போய், "அந்தப் பையனை எனக்குக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

இருபது பேர் இருக்கும்போது நான் கழித்தவனை ஏன் கேட்க வேண்டும்?

ஜூன் 19

தலைமை இன்ஸ்ட்ரக்டர் விங் கமாண்டர் முகர்ஜி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஞானதிரவியத்தின் விமானம் ஒவ்வொரு முறையும் தாமதமாக வருகிறது. பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. பாடத்திட்டத்தில் உள்ளதைச் செய்தால் இவ்வளவு செலவாகாது. தெற்குப் பகுதியில் போய் என்ன செய்கிறார்?"

"எனக்குத் தெரியாது சார்."

"கொஞ்சம் கண் வைத்துக்கொள், தணிகாசலம். நீ முறை தெரிந்தவன்."

நானாகக் கேட்டுக்கொள்ளவில்லை. உத்தரவு.

ஜூன் 22

இன்று கன்ட்ரோல் டவரில் எனக்குப் பொறுப்பு. செங்கோடன் தனியாக இறங்க வந்துகொண்டிருந்தான். ரன்வேயில் ஒரு வண்டி குறுக்கே வந்தது. "மேலே ஏறு, சுற்றி வா" என்றேன். பதிலே இல்லை. ஏறிவிட்டான், உடனே ஏறினான். ஆனால் பதில் சொல்லவில்லை.

இந்த நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. உத்தரவு வந்தால் முதலில் உன் அழைப்புப் பெயர், பிறகு கேட்டது புரிந்தது என்று முழுப் பதில், அதன் பிறகு கை அசைய வேண்டும். பதில் சொல்லாதவன் கேட்டானா இல்லையா என்று தரையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ரகுவீர் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. மணி அடித்த மாதிரிச் சொல்வான்.

செங்கோடனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதில் எங்கேடா?"

"ஏறிட்டுச் சொல்லலாம்னு இருந்தனுங்க சார்."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாரசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். ஞானதிரவியம் விமானம் நிறுத்தும் ஹாங்கர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அவன் ஓடி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 28

செங்கோடனின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தழும்பு. காலருக்கு மேலே, இரண்டு பக்கமும். தோல் உரிந்திருக்கிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து நெரித்தது போல. எங்கள் பயிற்சி விமானத்தில் மாணவன் முன்னால், இன்ஸ்ட்ரக்டர் பின்னால்.

"கழுத்தில் என்ன?"

"கொசுங்க சார்."

கொசு கழுத்தைச் சுற்றி வட்டம் போடுமா? ஞானதிரவியத்தின் இன்னொரு மாணவனுக்கும் அதே தழும்பு. அவன் வேர்க்குரு என்றான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம், சரியாகப் பேசி வைக்கவில்லை.

முகர்ஜியிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஜூலை 2, ஞாயிறு

மண்ணெண்ணெய் வரிசையில் காலை முழுவதும் போயிற்று. ஞானதிரவியமும் நின்றார், எனக்கு நாலு பேர் முன்னால். ஒவ்வொரு நிமிடமும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். முதலில் என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. எனக்குப் பின்னால், வேலிக்குப் பின்னால், மேலே. ஒன்றுமே இல்லாத வானத்தை.

இந்த மனநிலையில் உள்ளவரிடம் இருபது வயதுப் பையன்களைக் கொடுக்கலாமா?

ஜூலை 8

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்று காலை ஞானதிரவியம் பறக்கத் தயாராகி நின்றார். கழுத்தில் ஒரு பட்டுத்துணி. கத்தரிப்பூ நிறம், மாம்பழ நிறத்தில் மெல்லிய கரை. அந்தக் கரை எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் ஆரணியில் நானே பார்த்து எடுத்த புடவை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். புடவை இல்லை.

வேதா அடுப்படியில் இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சாதாரணமாகத்தான் இருந்தாள். இரண்டாவது தடவை ரசம் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 10

கேட்டுவிட்டேன்.

"அந்தக் கத்தரிப்பூ புடவை எங்கே?"

"நைஞ்சு போச்சேன்னு கிழிச்சுக் கொடுத்துட்டேன். லேடீஸ் கிளப்ல எல்லாரும் கொடுத்தாங்க. முகர்ஜி சார் வீட்டம்மாகூட ஒண்ணு கொடுத்தாங்க."

"யாருக்கு?"

"திரவியம் சாருக்கும் அவர்கிட்டப் படிக்கிற பசங்களுக்கும். காலர் உரசிக் கழுத்தெல்லாம் புண்ணாயிடுதாம். பட்டு சுத்திக்கிட்டா வழுக்கிக்கிட்டுப் போகுமாம், எரியாதாம்."

"கழுத்து ஏன் உரசணும்?"

"மேல போனா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே இருக்கணுமாமே?" என்றவள் என் கழுத்தைப் பார்த்தாள். "ஏன், நீங்கள்லாம் பார்க்க மாட்டீங்களா?"

பார்க்க வேண்டிய கருவிகள் முன்னால் இருக்கின்றன என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

கழுத்து விஷயம் அது என்றால் சரி. ஆனால் பையன் ஏன் கொசு என்று பொய் சொன்னான்? மறைக்க ஏதோ இருக்கிறது.

ஜூலை 14

மழை. பறக்கவில்லை. ஸ்கூட்டருக்கு பிளக் மாற்றினேன்.

ஜூலை 19

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு விமானத்துக்கு எஞ்சின் மாற்றியிருந்தார்கள். மாற்றிய பின் ஒருவர் தனியாக ஓட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் ஓட்டுகிறேன் என்றேன். சோதனைக்கு ஒதுக்கியது மேற்குப் பகுதி. சோதனை சீக்கிரம் முடிந்துவிட்டது. தெற்கே போனேன். ஞானதிரவியமும் செங்கோடனும் அங்கேதான் இருந்தார்கள்.

தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார்கள். நான் உயரத்தில், அவர்களுக்குப் பின்னால். அவர்களால் என்னைப் பார்க்க முடியாது என்று நிச்சயமாக நினைத்தேன். ஏரிக்கு மேல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சும்மா போகிறார்கள், இதற்கா இவ்வளவு பெட்ரோல் என்று நினைத்தேன். ஒரு பெரிய வெள்ளை மேகத்தின் ஓரமாகப் போனார்கள். அந்தப் பக்கம் வெளியே வரவில்லை.

காத்திருந்தேன். மேகத்தைச் சுற்றி வந்தேன். கீழே பார்த்தேன், முன்னால் பார்த்தேன். எங்கும் இல்லை. மேகத்துக்குள்ளேயே ஏதாவது ஆகிவிட்டதோ? டவரைக் கூப்பிடலாம் என்றால், நான் இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்பார்கள்.

அப்போது ரேடியோவில் செங்கோடன் குரல்.

"சார், உங்களுக்குப் பின்னாடிங்க."

கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. இடுப்பு வாரை இழுத்துக்கொண்டு உடம்பையே திருப்பிப் பார்த்தேன். என் வாலை ஒட்டி, சூரியன் இருக்கும் பக்கம். தலைக்கவசத்துக்குக் கீழே அவன் பற்கள் தெரியும் தூரம். சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தை அசையாமல் பிடித்திருந்தான்.

எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பின் இருக்கையில் ஞானதிரவியம் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் தனக்குப் பின்னால் இருந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிய பிறகு செங்கோடன் சல்யூட் அடித்தான். "யாரடா முதலில் பார்த்தது, அவரா?" என்றேன்.

"நானுங்க சார். நீங்க மேக்கால இருந்து வரும்போதே பாத்துட்டனுங்க. சார்கிட்டச் சொன்னனுங்க. நீயே போ, நான் கை வெக்க மாட்டேன்னுட்டாருங்க."

ஆயிரத்து நானூறு மணி நேரம் பறந்தவன் நான். இவனை நான் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 20

முகர்ஜியிடம் சொன்னேன். சோதனைப் பறப்பில் இருந்தபோது ஞானதிரவியத்தின் விமானம் முன்னறிவிப்பு இல்லாமல் எனக்கு வெகு அருகில் பின்னால் வந்தது, ஓட்டியது கேடட், அனுபவமில்லாதவன், மோதியிருக்கலாம் என்றேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

"எந்தப் பகுதியில்?" என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 26

விசாரணை. முகர்ஜி, தலைமையகத்திலிருந்து வந்த ஒரு குரூப் கேப்டன், ஒரு எழுத்தர். கேடட் என்பதால் செங்கோடனைக் கூப்பிடவில்லை.

நான் முன்பு சொன்னதையே சொன்னேன்.

குரூப் கேப்டன் ஞானதிரவியத்தைக் கேட்டார். "எந்தப் பகுதியில் நடந்தது?"

நான் எழுத்தரின் பேனாவைப் பார்த்தேன்.

"என் விமானம்தான் அவர் கிட்டப் போச்சு சார்," என்றார் ஞானதிரவியம். "தப்பு என்னுது."

"பாடத்திட்டத்தில் இது இல்லை என்று தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன்?"

"பின்னால வாறவனைப் பார்க்கத் தெரியாம எப்படிப் பறக்கிறது சார்?"

முகர்ஜி குறுக்கிட்டார். "இங்கே பறக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். சண்டையைப் படைக்குப் போய்க் கற்றுக்கொள்வார்கள். எப்போதும் அப்படித்தான்."

"யுத்தம் அதுவரைக்கும் காத்திருக்குமா சார்?"

குரூப் கேப்டன் பேனாவை மூடினார்.

ஞானதிரவியம் என் பெயரைச் சொல்லவே இல்லை. தெற்குப் பகுதி என்ற வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எதற்காக? என்னைக் கையில் வைத்துக்கொள்ளவா? பிற்பாடு காட்டுவதற்கா? இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வேதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 3

உத்தரவு வந்துவிட்டது. ஞானதிரவியம் வடக்கே போர்ப்படைக்குத் திரும்புகிறார். அவருடைய நான்கு மாணவர்களையும் பிரித்துவிடுகிறார்கள்.

மெஸ்ஸில் ஒருவன் என் தோளில் தட்டி, "நிலையம் பழையபடி ஆச்சு" என்றான். கையை எடுக்கச் சொன்னேன். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

மாலையில் அவர் குடியிருப்புக்குப் போனேன். இரண்டு டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. முண்டா பனியனோடு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை, பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"தெற்குப் பகுதியில் இருந்தேன் என்று ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா உங்களையும் பறக்க விடாம நிறுத்தியிருப்பாக. ரெண்டு பேரும் போயிட்டா பயலுகளுக்கு யாரு கத்துக்கொடுக்கது?"

நம்பவில்லை. அதை மறைக்கவும் இல்லை. எத்தனையோ நாளாக உள்ளே இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"ரகுவீர் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

கயிறு கையில் நின்றது.

"பக்கத்துல," என்றார். "ஒரு பர்லாங்கு இருக்கும். எங்க படைக்கு வந்து மாசங்கூட ஆகலை. நான்தான் கூட்டிட்டுப் போனேன். என்ன அழகா ஓட்டினான் தெரியுமா? கோடு போட்டாப்ல. நான் அவன் பக்கம் திரும்பிப் பாக்கேன், அவனுக்குப் பின்னால ஒருத்தன் வாறான். 'ரகு, இடது, இப்பவே'ன்னு கத்தினேன்."

"அவனுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு. பதில் சொன்னான். 'ஈகிள் டூ, புரிந்தது, இடது பக்கம் திரும்புகிறேன்.' முழுசாச் சொன்னான். குரல் கொஞ்சங்கூட நடுங்கலை. சொல்லி முடிச்சிட்டுத் திரும்பத்தான் இருந்தான்."

கயிற்றை மறுபடி இறுக்கினார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க நல்லாக் கத்துக்கொடுக்கீங்க தணிகாசலம்," என்றார் பிறகு. "ஒரு விமானத்தை அவ்வளவு சுத்தமா ஓட்ட நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்ல, எனக்கு வராது. அதனாலதான் இங்க போஸ்டிங் கேட்டேன். உங்ககிட்ட இருக்கது பாதி, என்கிட்ட இருக்கது பாதின்னு நினைச்சேன். முதல் நாளே உங்ககிட்ட வந்து பேசியிருக்கணும். அந்தப் படத்துக்கு முன்னால உங்களைப் பார்த்ததும் வாய் வரலை."

எழுந்து வந்துவிட்டேன். விடைபெற்றேனா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. தார் வாங்கி வந்து அடைத்தேன்.

ரகுவீருக்குப் பதில் சொல்லும் முறையை யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7

முகர்ஜியிடம் போனேன். பத்தொன்பதாம் தேதி நான் தெற்குப் பகுதியில் இருந்தேன், அவர்களைப் பின்தொடர்ந்துதான் போனேன் என்றேன். ஞானதிரவியத்தை இங்கேயே வைத்துக்கொள்ளக் கேட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "இதை விசாரணையில் சொல்லியிருக்கலாமே."

"ஆமாம் சார்."

"உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. தலைமையகத்திடம் போய், எங்கள் சாட்சி முழுதாகச் சொல்லவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா? போய் வேலையைப் பார்."

எனக்கு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 9

ஞானதிரவியம் காலை ரயிலில் போனார். நான் வகுப்பில் இருந்தேன். வேதா ஸ்டேஷனுக்குப் போய் இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். "உங்களைக் கேட்டார்" என்றாள். என்ன கேட்டார் என்றேன். "நல்லா இருக்காரான்னு." அவ்வளவுதானா என்றேன். "அவ்வளவுதான். ஏன், வேறென்ன கேட்கணும்?"

ஆகஸ்ட் 10

மாணவர்களைப் பிரித்துவிட்டார்கள். செங்கோடன் எனக்கு. போவதற்கு முன் ஞானதிரவியமே முகர்ஜியிடம் அப்படிக் கேட்டுக்கொண்டாராம்.

பையன் என் முன் வந்து விறைப்பாக நின்றான். எல்லாக் கேள்விக்கும் "சரிங்க சார்". கண்ணை என் தோளுக்கு மேலே எங்கேயோ வைத்திருந்தான். இவனுக்கு எல்லாம் தெரியும். நான் எங்கே இருந்தேன், என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை, எல்லாம்.

ஆகஸ்ட் 12

செங்கோடனோடு முதல் பறப்பு. பாடத்திட்டப்படி எல்லாம் செய்தான். ரேடியோவில் ஒவ்வொரு தடவையும் முழுப் பதில் சொல்லிவிட்டுத்தான் கையை அசைத்தான். அழைப்புப் பெயரோடு, மணி அடித்த மாதிரி. ஒரு முறைகூடத் தலையைத் திருப்பவில்லை.

எனக்குப் பிடித்த மாதிரி ஓட்டிக் காட்டுகிறான். பின் இருக்கையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

ஆகஸ்ட் 14

இன்று வானம் தெளிவு. செங்கோடனைக் கூட்டிக்கொண்டு தெற்கே போனேன். ஏரிக்கு மேல் வந்ததும் சொன்னேன்.

"செங்கோடா, திரவியம் சார் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தாரோ அதை முதலிலிருந்து செய்து காட்டு."

விமானம் நேராகவே போனது. அவன் தலையின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"எதுக்குங்க சார்?"

"காட்டு."

"மறுபடியும் விசாரணைங்களா சார்?"

அவன் குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் உறைத்தது. ஒரு மாதமாக அவனை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி இப்போது அவன் என்னைப் பார்க்கிறான். ஆணை போட்டால் செய்வான். பாதி செய்வான், மீதியை வைத்துக்கொள்வான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

"இல்லை," என்றேன். "முகர்ஜி சாரிடம் நான் எங்கே இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். நேரம் தாண்டிப்போய்ச் சொன்னேன். பிரயோஜனமில்லை. இது அதற்கில்லை."

"பின்ன எதுக்குங்க?"

"எனக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். அடுத்த தொகுதிக்கு இருபது பேர் வருகிறார்கள். அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்."

கீழே ஏரியில் ஒரு பரிசல் போய்க்கொண்டிருந்தது. அவன் பேசுவதற்குள் அது கரைக்கே போய்விடும் போலிருந்தது.

"வாரை நல்லா இறுக்கிக்குங்க சார்," என்றான்.

விமானம் இடது இறக்கையில் சாய்ந்து அப்படியே புரண்டது. ஏரி தலைக்கு மேலே வந்தது. எது வானம் எது தண்ணீர் என்று புரியவில்லை, கன்னத்துச் சதை கீழே இழுத்தது. நான் கையை வைக்கவில்லை. நிமிர்ந்தபோது எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

முன் இருக்கையிலிருந்து அவன் கேட்டான், ஒரு இன்ஸ்ட்ரக்டர் கேட்பது போல, நிதானமாக.

"இப்ப நமக்குப் பின்னாடி என்ன இருக்குதுங்க சார்?"

கண்ணாடியைப் பார்க்காமல், உடம்பைத் திருப்பிப் பார்த்தேன்.